ஒற்று மிகுந்த இடம்

காலை மணி ஒன்பதரை.

“போச்சு! எல்லாம் போச்சு!”

பின்னறையிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் சித்தப்பா டீத் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். குரல் மின்னலுடையது. விசைப்பலகையில் அவள் விரல்கள் ஓடும் வேகத்துக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. காலில் ஸ்டேப்ளர் விழுந்தபோதுகூட ‘ஸ்ஸ்’ என்பதோடு நிறுத்திக்கொண்டவள். அவளே அலறுகிறாள் என்றால் விஷயம் பெரிது.

பெரிதுதான். அவள் திரையில் ‘நடப்பு வேலைகள்’ என்ற கோப்புறை திறந்து கிடந்தது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல உள்ளே ஒன்றுமே இல்லை. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் நேற்று மாலை வரை அங்கேதான் இருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்கு அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

“நான் ஒண்ணும் தொடல சித்தப்பா. வந்தேன், பட்டனை அமுக்கினேன், திறந்தேன். காலி!”

அவளோடு ஒரே பேருந்தில் வந்து இறங்கிய மற்ற மூவரும் தங்கள் திரைகளைப் பார்த்தார்கள். அங்கேயும் காலி.

மூலை மேசையில் மட்டும் புத்தகத்தின் எல்லா அத்தியாயங்களும் சமர்த்தாக வரிசையில் நின்றன. அந்த மேசைக்காரருக்குக் கண்ணாடி என்று பெயர், காரணம் மூக்கின்மேலேயே இருந்தது. எல்லோரும் தன்னையே பார்ப்பதை உணர்ந்து அவர் அதைக் கழற்றித் துடைத்தார். இந்த அலுவலகத்தில் அவருக்கு அது கடைசி நாள். வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்திருந்தது.

பாடநூல்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. முதலாளியம்மாவின் மகள் பள்ளி விட்டதும் இங்கேதான் வந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவள் அழைத்த முறையையே அலுவலகம் பிடித்துக்கொண்டது. அப்பாவின் தம்பி எல்லோருக்கும் ‘சித்தப்பா’. அம்மாவின் தம்பி, கணக்கு வழக்கைப் பார்ப்பவர், எல்லோருக்கும் ‘மாமா’. மகள் மேல்படிப்புக்குப் போய்விட்டாள், முறைகள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டன.

சித்தப்பாவின் பொறுப்பு சர்வர். அந்தச் சொல்லைக் கேட்டு யாராவது சிரித்தால் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம், விளக்குவதற்கு ஒரு வாய்ப்புக் கிடைத்துவிட்டதே! “ஆமாங்க, ஹோட்டல் சர்வர் மாதிரியேதான்” என்று ஆரம்பித்துவிடுவார். இங்குள்ள கம்ப்யூட்டர்கள் எதிலும் ஹார்டு டிஸ்க் கிடையாது. பட்டனை அமுக்கியதும் ஒவ்வொன்றும் வெறுந்தலையோடு எழுந்திருக்கும். தான் யார், தன் வேலை என்ன, எதுவும் அதற்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: கேபிள் வழியாகக் கத்துவது. ‘யாராவது இருக்கீங்களா? உட்கார இடம் குடுங்க, சாப்பிட ஏதாவது கொண்டாங்க!’ முன்னறை அலமாரியில் இருக்கும் சர்வர் அதைக் கேட்டு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி, நெட்வொர்க்கில் அதற்கென்று ஓர் எண்ணைக் கொடுக்கும், அப்புறம் இயங்குதளத்தையே தட்டில் வைத்துப் பரிமாறும். அதைச் சாப்பிட்டுத்தான் கம்ப்யூட்டர் கண் விழிக்கும். எழுதுவது, வரைவது எல்லாம் சேமிக்கப்படுவதும் சர்வரில்தான். ஒரே சமையலறை, பல மேசைகள். ஒன்றைக் கவனித்தால் எல்லாவற்றையும் கவனித்த மாதிரி.

“அது படுத்தா எல்லாம் படுக்கும்” என்பது மாமாவின் வழக்கமான பதில். ஆளுக்கொரு டிஸ்க் வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்று அவர் நெடுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவிடம் எதையும் தூக்கிப்போடாத குணம் வேறு உண்டு. பழைய கேபிள், உடைந்த மவுஸ், போன வருடம் ஓய்வு கொடுத்த பெட்டி, கால் போன நாற்காலி எல்லாம் ‘அவசரத்துக்கு உதவும்’ என்று சாமான் அறையில் அடைந்து கிடந்தன. அதுவும் மாமாவின் புகார்ப் பட்டியலில் உண்டு.

மாமா இப்போது பின்னறை வாசலில் நின்றார். பக்கத்தில் முதலாளியம்மா.

“இதுல துப்பறிய என்ன இருக்கு?” என்றார் மாமா. “நாலு பேருக்குப் போயிருக்கு. ஒருத்தருக்கு மட்டும் இருக்கு. அந்த ஒருத்தர் இன்னையோட கிளம்புறார். ரெண்டும் ரெண்டும் நாலுதானே?”

“மாமா, நான் எதுக்கு அழிக்கணும்?” கண்ணாடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “அதுல பாதி நான் செஞ்ச பக்கம்.”

“போற இடத்துக்கு எடுத்துட்டுப் போகத்தான்.”

“டேய், கொஞ்சம் சும்மா இரு” என்றார் முதலாளியம்மா. பிறகு சித்தப்பாவிடம், “என்ன இது? புத்தகம் இருக்கா இல்லையா? அதை மொதல்ல சொல்லுங்க.”

“பாத்துடுவோம் அண்ணி.”

சித்தப்பா முன்னறைக்கு நடந்தார். வழியில் ஒருவர் மறித்தார். மெய்ப்புத் திருத்துபவர், ஒற்று மேடம். க், ச், த், ப் என்ற நான்கும் வரவேண்டிய இடத்தில் வரவில்லை என்றாலும், வராத இடத்தில் வந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. ‘ஒற்றர் படைத் தலைவி’ என்று மாமா முதுகுக்குப் பின்னால் சொல்வார், முன்னால் சொல்லத் தைரியம் இல்லை.

“சித்தப்பா, இது நல்லா இல்ல. அவ்வளவு வாதாடி அந்த ‘க்’கை எடுக்க வெச்சேன். இன்னைக்குத் திரும்ப வந்து உக்காந்திருக்கு. காலங்காத்தால கள்ளா?”

“மேடம், தலை போற வேலை. அப்புறமா வர்றேன்.”

“எல்லாருக்கும் ஒற்றுன்னா அப்புறம்தான்” என்று முணுமுணுத்தபடி அவர் அச்சடித்த தாள்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சித்தப்பா அலமாரியைத் திறந்து, சர்வரோடு ஒரு திரையை நேராக இணைத்தார். முதலாளியம்மா அவர் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுத்துகள் வந்தன. அறிவியல் புத்தகம், கடைசி அத்தியாயம், நேற்று மாலை மின்னல் சேமித்த படம் வரை அத்தனையும் இருந்தன.

“இருக்கு அண்ணி. ஒரு பக்கம்கூடக் குறையல.”

முதலாளியம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க. போதும், யார் என்ன பண்ணினாங்கன்னு எனக்கு வேண்டாம். வேலையைப் பாப்போம்.”

“எனக்குப் போதாதும்மா.”

கண்ணாடி அறை வாசலில் நின்றிருந்தார். “புத்தகம் கிடைச்சிடுச்சு. என் பேரு? ‘கடைசி நாள்ல எதையோ பண்ணிட்டுப் போனான்’னுதானே இனிமே பேசுவீங்க? யாருன்னு தெரியாம நான் இந்த வாசலைத் தாண்டப்போறதில்ல.”

“அழிக்கலைன்னா மறைச்சிருக்கலாமே” என்றார் மாமா, விடாமல். “செட்டிங்கை மாத்தி மத்தவங்க கண்ணுல படாம பண்ணியிருக்கலாம்.”

சித்தப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். மாமாவின் சட்டையில், வயிற்றுப் பக்கம், கையகலத்துக்கு ஓர் ஈரம் பாதி காய்ந்திருந்தது.

“வெளியில மழையா மச்சான்?”

“இல்லையே. ஏன்?”

“சட்டை நனைஞ்சிருக்கு.”

“அது… தண்ணி குடிச்சேன். சிந்திடுச்சு.”

“சரி” என்றார் சித்தப்பா. கண்ணாடியின் பக்கம் திரும்பினார். “கவலைப்படாதீங்க. சாயந்திரத்துக்குள்ள ஆளைக் காட்டுறேன்.”

காலை மணி பத்தரை.

முதலில் அவர் மின்னலின் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். எழுந்தது. காலி. மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடியும் காலி. கெட்டுப்போன யந்திரம் ஒரு தடவை ஒரு மாதிரி நடக்கும், மறுதடவை வேறு மாதிரி நடக்கும். இது ஒரே தப்பைச் சளைக்காமல் செய்கிறது. ஆக, அது தப்பே செய்யவில்லை. யாரோ சொன்னதை ஒழுங்காகக் கேட்டு நடக்கிறது.

யார் சொன்னது? அதுதான் கேள்வி.

ஒவ்வொரு மேசையாகப் போனார். பின்னறையில் நாலு பேருக்குக் காலி, கண்ணாடிக்கு மட்டும் இருக்கிறது. முன்னறையில் அதுவரை பார்த்த எல்லோருக்கும் இருக்கிறது. அறைதான் வித்தியாசம் என்று தோன்றியது. பின்னறைக் கேபிளில் கோளாறோ?

ஒற்று மேடத்தின் மேசை முன்னறையில், ஜன்னலோரம். அவர் எப்போதும் தாளில்தான் திருத்துவார், கம்ப்யூட்டர் பேருக்கு எரிந்துகொண்டிருக்கும்.

“மேடம், உங்க ‘நடப்பு வேலைகள்’ கொஞ்சம் திறங்க.”

திறந்தார். காலி.

சித்தப்பாவின் புருவம் உயர்ந்தது. முன்னறையில் காலி, பின்னறையில் கண்ணாடிக்கு மட்டும் முழுசு. அறை என்ற கணக்கு அங்கேயே உடைந்தது.

“இன்னைக்கு எப்போ வந்தீங்க?”

“லேட்டுதான். பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். மின்னலும் நானும் ஒண்ணாத்தான் மாடி ஏறினோம்.”

சித்தப்பா பின்னறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “கண்ணாடி, நீங்க?”

“கடைசி நாளாச்சே, வேலையை முடிச்சிட்டுப் போகலாம்னு சீக்கிரமே வந்துட்டேன். உங்களுக்கு அப்புறம் நான்தான்.”

சித்தப்பாவுக்கு உள்ளங்கை அரித்தது. ஒரு யந்திரத்தின் மூடியைக் கழற்றப் போகும்போது அவருக்கு வரும் அரிப்பு அது. விஷயம் அறை இல்லை. நேரம்! சீக்கிரம் எழுந்த கம்ப்யூட்டர்களுக்குப் புத்தகம் இருக்கிறது. தாமதமாக எழுந்தவற்றுக்கு இல்லை. இடையில் இந்த அலுவலகத்துக்குள் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. தன் மேசைக்குப் போனார். அவருடையது எல்லோருக்கும் முன்னால் எழுந்த கம்ப்யூட்டர், புத்தகம் முழுதாகத் தெரிவது. அதை அணைத்தார்.

“என்ன பண்றீங்க?” என்று பதறினார் மாமா.

“தூங்க வெச்சு எழுப்பறேன்.”

கம்ப்யூட்டர் எழுந்தது. ‘நடப்பு வேலைகள்’ திறந்தார். காலி.

“ஐயையோ! இப்போ நீங்களும் போக்கிட்டீங்க!” மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

சித்தப்பாவோ, பரிசு விழுந்த மாதிரி சிரித்தார். “மச்சான், கண்ணாடி அந்த மூலையில உக்காந்திருக்கார். என் மேசைப் பக்கமே வரல. ஆனா என்னுதும் காலி. இனிமே அவரைச் சொல்லுவீங்களா?”

மாமா தன் நாற்காலியைப் பார்த்து நகரத் தொடங்கினார்.

“நீங்க காலையில எத்தனை மணிக்கு வந்தீங்க?”

“ஒன்பது இருக்கும்.”

“வந்ததும்?”

“நேரா என் நாற்காலிதான்.”

“வேற எங்கேயும் போகல?”

மாமா ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தார். முதலாளியம்மா சுவரில் இருந்த கடிகாரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கேயும் போகல” என்றார் மாமா.

சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் எழுந்ததும் அதில் ஒரு வாழ்த்து வரும். வருடக்கணக்கில் தினமும் பார்ப்பதால் யாருமே பார்க்காத வரி. இன்று அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

‘வணக்கம். இன்றைய வேலைக்கு வாழ்த்துக்கள்.’

வாழ்த்துக்கள்.

“மேடம்!” சித்தப்பா போட்ட சத்தத்தில் ஒற்று மேடத்தின் சிவப்புப் பேனா தாளில் கோடு இழுத்துவிட்டது. “காலையில என்ன சொன்னீங்க?”

“இப்பத்தான் ‘அப்புறம்’ வந்துச்சா? ‘வாழ்த்துகள்’னு இருக்கணும். நடுவுல ‘க்’ போட்டா அது வாழ்த்துக் கள். குடிக்கிற கள்ளு! போன வருஷம் உங்ககிட்ட ஒரு வாரம் சண்டை போட்டு எடுக்க வெச்சேன்.”

“எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க” என்றார் மாமா.

“எல்லாரும் எழுதினா? எல்லாரும் கெணத்துல விழுந்தா நீங்களும் விழுவீங்களா?”

சித்தப்பா எழுந்துவிட்டார். “மச்சான், சாமான் அறைச் சாவி உங்க கொத்துலதானே இருக்கு? குடுங்க.”

மாமா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கையால் மூடிக்கொண்டார். “இப்போ எதுக்கு? சாயந்திரம் பாத்துக்கலாமே.”

“இப்போ.”

“மூணு மணிக்கு மேல திறக்கலாம். அக்கா, நீயாவது சொல்லேன்.”

“இப்போ வேண்டாமே…” என்று முதலாளியம்மாவும் இழுத்தார்.

அலுவலகம் மொத்தமும் எழுந்து நின்றது. மின்னல் கண்ணாடியின் காதில், “திருடன் கையிலேயே சாவி போல இருக்கே” என்றாள்.

சித்தப்பா கையை நீட்டியபடி நின்றார். சாவி வந்தது.

சாமான் அறைக் கதவைத் திறந்ததும் மூன்று விஷயங்கள் ஒன்றாகத் தெரிந்தன. பழைய திரைச்சீலைக்கு அடியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல், இருட்டில் ஒரு பச்சைப் பொட்டு விளக்கு, மூலையிலிருந்த குட்டி ஃப்ரிட்ஜின் கதவிடுக்கிலிருந்து தரையில் ஒழுகிக்கொண்டிருந்த இளஞ்சிவப்புக் குழம்பு.

“என்னோட ஐஸ்கிரீம்!” என்று அலறினார் மாமா.

சித்தப்பா திரைச்சீலையை விலக்கினார். உள்ளே சுகமாக ஓடிக்கொண்டிருந்தது பழைய சர்வர்.

“எல்லாரும் வாங்க. குற்றவாளியை அறிமுகம் பண்றேன். குற்றவாளி ரெண்டு பேர். ஒருத்தர் இந்தப் பெட்டி. இன்னொருத்தர் நம்ம மாமா.”

“நானா?”

“சொல்லுங்க. காலையில ஐஸ்கிரீம் டப்பாவை வயித்தோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தீங்க. சட்டை ஈரமாச்சு. யாருக்கும் தெரியாம இங்க வந்தீங்க. சரியா?”

மாமா சட்டையின் வயிற்றுப் பக்கத்தைக் கையால் மறைத்தார். முதலாளியம்மாதான் பதில் சொன்னார். “நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன். கண்ணாடிக்குச் சாயந்திரம் வழியனுப்பு. அவருக்கே தெரியாம வைக்கலாம்னு…”

கண்ணாடியின் கண்ணாடி சட்டென்று மங்கியது. கழற்றித் துடைத்தார்.

“அங்கதான் முடிச்சு” என்றார் சித்தப்பா. இனி அவரை யாராலும் நிறுத்த முடியாது. “ஃப்ரிட்ஜைப் போடணும். இங்க பாருங்க, ரெண்டு கறுப்பு வயர் தொங்குது. இருட்டுல மச்சான் ஒண்ணை எடுத்துச் சொருகினார். விளக்கு எரிஞ்சுது, ‘ம்ம்ம்’னு சத்தம் வந்துது. ஃப்ரிட்ஜ் ஓடுதுன்னு நெனச்சுக் கதவைப் பூட்டிட்டுப் போயிட்டார். ஆனா ஓடினது ஃப்ரிட்ஜ் இல்ல. கரண்ட் வந்தா தானா எந்திரிக்கணும்னு இந்தப் பெட்டியை நான்தான் அந்தக் காலத்துலயே பழக்கி வெச்சிருந்தேன். நெட்வொர்க் கேபிளும் அப்படியே மாட்டியிருக்கு.”

“அதை ஏன் கழட்டல?” என்றார் முதலாளியம்மா.

“அவசரத்துக்கு உதவும்னு…”

“உதவிச்சே, பாத்தோமே!”

சிரிப்பு அடங்கும்வரை சித்தப்பா காத்திருந்தார். “ஆக, ஒரே ஹோட்டல்ல ரெண்டு சர்வர். மின்னலோட கம்ப்யூட்டர் எந்திரிச்சு, ‘யாராவது இருக்கீங்களா’ன்னு கத்துது. அந்தச் சத்தம் ரெண்டு பேர் காதுலயும் விழும். யார் மொதல்ல பதில் சொல்றாங்களோ, கம்ப்யூட்டர் அவங்க பின்னாலயே போயிடும். புது சர்வர் பதவிசு. ஒரு கதவு எண்ணைக் குடுக்கறதுக்கு முன்னால, அந்த வீட்டுல ஏற்கெனவே யாராவது இருக்காங்களான்னு தட்டிப் பாக்கும். அப்படித்தான் அமைச்சிருக்கேன். பழசு முந்திரிக்கொட்டை. தட்டவும் தட்டாது, பாக்கவும் பாக்காது. ‘இந்தா, வா’ன்னு இழுத்துட்டுப் போயிடும்.”

“ஆனா எங்க கோப்புறை ஏன் காலி?” என்றாள் மின்னல்.

“வேலையெல்லாம் புதுசுக்கு மாத்தினப்போ பழசைத் துடைச்சு வெச்சேன். அதே வீடு மாதிரி தெரியும், உள்ள சாமான் இருக்காது. ஒண்ணு மட்டும் துடைக்க மறந்துட்டேன், அந்த வாழ்த்து. மேடம் சொன்ன திருத்தத்தைப் புதுசுலதான் போட்டேன். அந்த ‘க்’ உலகத்துலயே ஒரே எடத்துலதான் மிச்சம் இருந்துது. அது திரையில தெரிஞ்சா, இந்தப் பெட்டி முழிச்சிருக்குன்னு அர்த்தம். காலையில மேடம் சொன்னப்பவே கேட்டிருந்தா ஐஸ்கிரீமாவது தப்பிச்சிருக்கும்.”

“ஒற்றுதான் ஒற்றுச் சொல்லியிருக்கு” என்றார் ஒற்று மேடம், நிமிர்ந்து நின்று. “ஒற்றர் படைன்னு யாரோ சொல்லுவாங்களாமே?”

மாமா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கண்ணாடியின் பக்கம் வந்தார். “உனக்காக வாங்கின ஐஸ்கிரீமை மறைக்கப்போய் உன்னையே திருடன்னு சொல்லிட்டேன்பா. மனசுல வெச்சுக்காதே.”

“சரி மாமா” என்றார் கண்ணாடி. “ஒரு சந்தேகம். எந்த ஐஸ்கிரீம் வாங்கினீங்க?”

“ஸ்ட்ராபெர்ரி. உனக்குப் பிடிச்சது.”

“அப்போ மன்னிச்சேன்.”

சித்தப்பா பழைய சர்வரின் வயரை உருவினார். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் பெருமூச்சாகி அடங்கியது. எல்லோரும் தங்கள் கம்ப்யூட்டர்களை அணைத்துப் போட்டார்கள். ஒவ்வொரு மேசையிலும் ‘வாழ்த்துகள்’ வந்தது. முதல்முறையாக எல்லோரும் அந்த வரியை நின்று படித்தார்கள். பிறகு மின்னலின் விரல்கள் ஓடத் தொடங்கின.

புத்தகம் ஐந்து மணிக்கு முன்பே அச்சகத்துக்குப் போய்விட்டது. வழியனுப்பு விழாவில் ஐஸ்கிரீமை டீத் தம்ளர்களில் ஊற்றிக் குடித்தார்கள். “புது மாதிரியா இருக்கே, இனிமே இப்படியே வாங்கலாம்” என்று கண்ணாடி இரண்டு தம்ளர் குடித்தார். ஆளுக்கொரு டிஸ்க் என்ற பேச்சை மாமா அன்று எடுக்கவே இல்லை.

கிளம்பும் முன் சித்தப்பா ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, பழைய சர்வரின் பிளக்கிலேயே கட்டித் தொங்கவிட்டார்:

‘இதை சொருக கூடாது.’

பின்னாலேயே வந்து நின்ற ஒற்று மேடம் அதைக் கூர்ந்து படித்தார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘இதை’க்குப் பக்கத்தில் ஒரு ‘ச்’ போட்டார். ‘சொருக’வுக்குப் பக்கத்தில் ஒரு ‘க்’ போட்டார்.

“அங்க ஒண்ணு அதிகம். இங்க ரெண்டு குறைவு” என்றார். “வித்தியாசத்தை எழுதி வெச்சுக்குங்க சித்தப்பா. அவசரத்துக்கு உதவும்.”